துண்டு போட்ட எடம்

உக்காருங்க. அந்தத் துண்டை இப்பிடிக் குடுத்துப்போட்டுத் தாராளமா உக்காருங்க. ஆள் வருதான்னு கேக்கறீங்க, வராதுங்க. திருப்பூர் ஸ்டாண்டுல பஸ் திரும்பறப்பவே ஜன்னல் வழியா நான் போட்ட துண்டு அது. அவிநாசி வரைக்கும் அப்பிடியே கெடந்துச்சு. ஆளு இருக்குது, ஆனா வராது. முன்னாடி பாருங்க, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, அரக்குச் சீலை, தலை நெறயா கனகாம்பரம். அவதானுங்க என்ற ஊட்டுக்காரி. துளசிமணின்னு பேரு. நான் எடம் போட்டு வெச்சுக்கிட்டு கையைக் கையை ஆட்டறேன், அவ முன்படியில ஏறி, என்னைய ஒருக்காப் பாத்துப்போட்டு அங்கியே உக்காந்துக்கிட்டா.

ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு டிக்கெட்டுன்னு என்ற கையைப் பாக்கறீங்க. அதுவும் அவளாலதானுங்க. கண்டக்டர் வந்தாரு, காந்திபுரம் ரெண்டு, முன்னாடி ஒரு லேடீஸ்னு கையைக் காட்டுனேன். அடிச்சுக் குடுத்துட்டு முன்னாடி போனவரு திரும்பி வந்து, "ஏனுங்ணா, அந்தம்மா டிக்கெட் எடுத்துட்டாங்க. கூட யாரும் வரலைங்கறாங்க"ன்னாரு. சுத்தியும் இருக்கறவங்க என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாங்க. அம்பத்திரண்டு வயசுங்க எனக்கு. இந்த வயசுல அப்பிடி ஒரு பார்வை வாங்கறேன்.

இன்னிக்குக் கோயமுத்தூர்ல ஒரு விழாவுங்க. போன்ல இங்கிலீஷ் படிச்சு முடிச்சவங்களுக்குச் சர்டிபிகேட் குடுக்கறாங்க. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. ஆளாளுக்கு மைக்கைப் புடிச்சுக் குடும்பத்தைப் பத்தி அஞ்சு வரி இங்கிலீஷ்ல சொல்லோணுமாம். அதுலதான் எனக்கு உசுரே போகுது. அங்க வர்றவங்கள்ல முப்பது பேரு கணக்குல என்ற ஊட்டுக்காரி செத்துப்போனவ. நான்தான் சொன்னேன்.

சிரிக்காதீங்க. உங்களை முன்னப்பின்னத் தெரியாது, காந்திபுரத்துல எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. அதனாலதான் சொல்றேன்.

நானுங்க பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டருக்கு எடுபுடியாச் சேந்து, இருவத்தாறு வருஷத்துல சூப்பர்வைசரா வந்தவன். சென்னியப்பன்னா எங்க லைன்ல ஊசி விழுந்தாக் கேக்கும். எட்டாவதோட நின்னவன். அவ பத்தாவது. அதை எச்சா வெளிய சொல்றதில்லீங்க. அவளும் அதே கம்பெனியிலதான், செக்கிங்ல நிக்கறா. தெச்சு வர்ற பனியனைத் திருப்பித் திருப்பிப் பாத்து, தையல் உட்டிருந்தா அந்த எடத்துல ஒரு செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டோணும். சரி பண்ண முடியும்னா ஆல்ட்ரேஷன் கூடை, முடியாதுன்னா ரிஜெக்ட் கூடை. மத்த பொம்பளைக தப்பைப் பாத்தா டெய்லரைக் கூப்புட்டுச் சத்தம் போடுவாங்க. இவ வாயே தொறக்கமாட்டா. ஒட்டுவா, கூடையில போடுவா, அடுத்த பீஸை எடுப்பா.

கம்பெனியில நாங்க புருசன் பொண்டாட்டின்னு பாதிப் பேருக்குத் தெரியாதுங்க. நான்தான் அப்பிடி வெச்சிருந்தேன். சூப்பர்வைசர் பொண்டாட்டி செக்கிங்ல நிக்கறான்னா நாலு பேரு நாலு பேசுவான். அவ நல்லதுக்குத்தானுங்க. பஸ் ஸ்டாப்புல இருந்து நான் முன்னாடி போவேன், அவ பத்தடி பின்னாடி வருவா. உள்ள நான் அவளை 'ஏம்மா'ம்பேன், அவ என்னைய சாரும்பா. பதினோரு வருஷமா இப்பிடித்தான். அவ தப்பா எடுத்துக்கலீங்க. கேட்டதில்ல நானு, ஆனா எடுத்துக்கல.

போன வருஷம் எங்க மேனேஜர் பிரேம் சார் எல்லாச் சூப்பர்வைசரையும் கூப்புட்டாரு. டென்மார்க்ல இருந்து ஆர்டர் குடுக்கற அம்மா நேர்ல வந்து பாக்கப் போறாங்க, கேட்ட கேள்விக்கு அவனவன் இங்கிலீஷ்ல பதில் சொல்லோணும், கம்பெனியே ஆன்லைன்ல சேத்து உடுதுன்னாரு. எலிமெண்டரி லெவலாம். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக படிக்கறதுங்க. பாஸ் பண்ணலைன்னா பேக்கிங் செக்சனுக்குத் தாட்டி உட்ருவாங்களாம். தலை நரைச்ச காலத்துல எனக்கு இது தேவையான்னு இருந்துச்சு.

வாரத்துல மூணு நா, சாயந்தரம் ஏழு மணிக்குக் கிளாஸ். ஷெரின்னு ஒரு நாகர்கோயில் புள்ள சொல்லிக் குடுத்துச்சு. நல்ல புள்ளதான், ஆனா கேள்வி கேக்கற பழக்கம் சாஸ்தி. படிக்கறவங்க முப்பது பேரு, பல ஊரு, பல கம்பெனி. போன்ல கட்டங்கட்டமா மொகம் தெரியும், கீழ பேரும் உத்தியோகமும் போட்டிருக்கும். அதுல பாதிப் பேரு மேனேஜர். நான் மட்டும் சூப்பர்வைசர்னு இருந்தா நல்லாவா இருக்கும்? மக மோகனப்ரியா சேலத்துல நர்சிங் படிக்குது, லீவுல வந்திருந்துச்சு. "கண்ணு, இதை மேனேஜர்னு மாத்திக் குடு"ன்னேன். சிரிச்சுக்கிட்டே மாத்திக் குடுத்துச்சு. அப்பவே புடிச்சது சனி.

எங்க ஊட்டுல ஒரே ரூமுங்க, மூலையில அடுப்பு. போனை அரிசி டப்பா மேல சாத்தி வெச்சு நான் உக்காருவேன், அவ அடுப்புக்கிட்ட நிப்பா. காதை மூடிக்கவா முடியும்? அந்தப் புள்ள சொல்றது அவளுக்கும் கேக்கும். ரெண்டாவது வாரமே தோசையைத் தட்டுல போட்டு, "திஸ் இஸ் யுவர் தோசை. தட் இஸ் மை தோசை"ங்கறா. "உனக்கெதுக்கு இது, கல்லு காயுது பாரு"ன்னு சொல்லிப்போட்டேன். அதுக்கப்புறம் சத்தமாச் சொல்றதில்ல, ஒதடு மட்டும் அசையும். பரீட்சைன்னா ஒரு கேள்விக்கு நாலு பதில் வரும். நான் ரோசனை பண்ணி முடிக்கறதுக்குள்ள கரண்டிக் காம்பால ஒண்ணைக் காட்டிருவா. நானும் அதையேதான் நெனச்சிருப்பேன். நோட்டுல வீட்டுப்பாடம் எழுதறது மட்டும் அவதான். எனக்குக் கண்ணாடி மாத்தோணும்.

அப்பிடி இருக்கறப்ப ஒரு வெள்ளிக்கெழம, 'மை ஃபேமிலி'ன்னு பாடம். அவங்கவங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லோணும். கரூர்க்காரர் ஒருத்தரு, சம்சாரம் டாக்டர்னாரு. பம்பு கம்பெனிக்காரர் ஒருத்தரு, பேங்க் ஆபீசர்னாரு. ஈரோட்டுக்காரர் ஹவுஸ் ஒய்ஃப்னாரு. அவரையும் யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. எனக்கு ரெண்டு நா முந்தியே எல்லாம் எழுதித் தயாரா வெச்சிருந்தா. நோட்டு எம் முன்னாடி விரிச்சு வெச்சிருக்குது. 'மை ஒய்ஃப் இஸ் துளசிமணி. ஷீ இஸ் எ செக்கர். ஷீ வொர்க்ஸ் வித் மீ.' மூணே வரி. அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ, எம் முறை வருதுன்னதும் கையைத் தொடைச்சுக்கிட்டு வந்து போனுக்குத் தெரியாதபடிக்குப் பக்கத்துல நின்னா. தம் பேரைச் சொல்லப்போறாங்கன்னு மொகமெல்லாம் சிரிப்பு.

அந்தப் புள்ள கேட்டுச்சு, "சென்னியப்பன் சார், வாட் டஸ் யுவர் ஒய்ஃப் டூ?"ன்னு. சம்சாரம் என்ன பண்றாங்கன்னு.

நோட்டைப் பாக்கறேன். செக்கர்னு எழுதியிருக்குது. எம் மொகத்துக்குக் கீழ மேனேஜர்னு எழுதியிருக்குது. டாக்டரும் பேங்க் ஆபீசரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. வாயில வரலீங்க. "நோ ஒய்ஃப் மேடம்"னுட்டேன்.

அந்தப் புள்ள அதோட உட்டிருக்கலாம். உடலீங்களே. கொரலைத் தாழ்த்தி, "ஓ, ஷீ இஸ் நோ மோர்?"ன்னுச்சு. செத்துட்டாங்களான்னு. எனக்குப் புரியலைன்னு சொன்னாப் பொய்யுங்க, நல்லாப் புரிஞ்சுது. "எஸ் மேடம். த்ரீ இயர்ஸ்"னேன். எதுக்கு மூணு வருஷம்னு சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியலீங்க. நம்பர் பாடம் முந்துன வாரந்தான் நடத்துனாங்க.

முப்பது பேரும் ஒண்ணு போல, சாரி சார், சாரி சார்ங்கறாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பாக்கறவங்களுக்குத் துக்கத்துல குனிஞ்சாப்ல இருந்திருக்கும். பக்கத்துல நிக்கறவளுக்கு இதெல்லாம் புரியாதுன்னுதான் நெனச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன். எனக்கு வீட்டுப்பாடம் எழுதறவளுக்குப் புரியாதுன்னு எப்பிடி நெனச்சேன்னு கேக்காதீங்க. திரும்பிப் பாத்தா அவ வெங்காயத்துக்கிட்டப் போயி உக்காந்துட்டா.

கிளாஸ் முடிஞ்சு தோசை போட்டா. சட்னி வெச்சா. மறுநா காலையில எப்பவும் போலக் குளிச்சு, பூ வெச்சு, பொட்டு வெச்சுக்கிட்டா. பொட்டு மட்டும் கொஞ்சம் பெருசா இருந்தாப்ல எனக்குத் தெரிஞ்சுது. பத்தடி பின்னாடி வந்தா. எனக்கு நிம்மதியாப் போச்சுங்க, தப்பிச்சோம்னு நெனச்சுட்டேன்.

அந்த வாரத்துல கரூர்க்காரர் எங்கயோ நம்பர் புடிச்சுப் போன் போட்டுட்டாரு. நல்ல மனுசன், ஆறுதல் சொல்றதுக்கு. நான் குளிச்சுக்கிட்டு இருக்கேன், இவ எடுத்துட்டா. அவரு நீங்க யாருன்னு கேட்டிருக்காரு. கதவு சந்துல எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க. "நான் சமையலுக்கு வர்றவங்க. சார் குளிக்கறாரு"ன்னா. ஈரத்தோட வந்தேன். போனை நீட்டுனா. "உங்களுக்குத்தானுங்க சார்"னா. ஊட்டுக்குள்ள அவ என்னைய சாருன்னது அதுதான் மொத தடவ. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, இவ ஒரு வார்த்தை உடாம எல்லாத்தையும் புடிச்சிருக்கறான்னு. அந்த மனுசன் அக்கட்ட ஆறுதல் சொல்றாரு, நான் இக்கட்ட அவ முதுகைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். அன்னிக்கே அவ சண்டை போட்டிருந்தா நான் பொழைச்சிருப்பேன். பாத்தரத்தைத் தூக்கி எறிஞ்சிருந்தாக் கூட வாங்கியிருப்பேன்.

அப்புறம் அந்த டென்மார்க் அம்மா வந்தாங்க. பிரேம் சார் கூட்டிக்கிட்டு லைன் லைனா வர்றாரு. நேரா செக்கிங் டேபிள்ல வந்து நின்னு, பேரென்ன, என்ன வேலைன்னு யார்கிட்டக் கேக்கறாங்கன்னா இவகிட்டக் கேக்கறாங்க. பிரேம் சாருக்கு வேர்த்துப்போச்சு. இவ கையில இருந்த பீஸை மடிச்சு வெச்சா. "மை நேம் இஸ் துளசிமணி. ஐ ஆம் எ செக்கர்"னா. நிறுத்தி நிதானமாச் சொன்னா. அந்த செக்கர்ங்கற வார்த்தையை அவ சொன்னப்ப ஒண்ணும் கொறைச்சலாத் தெரியலீங்க. அந்தம்மா சந்தோசத்துல குடும்பத்தைப் பத்திக் கேட்டாங்க. "ஐ ஹேவ் ஒன் டாட்டர். ஷீ இஸ் எ நர்சிங் ஸ்டூடண்ட். ஐ ஹேவ் மை மதர். ஐ ஹேவ் டூ பிரதர்ஸ். ஐ ஹேவ் ஒன் கோட்"னு ஆட்டுக்குட்டி வரைக்கும் சொன்னா. ஆடு எங்க ஊட்டுது கூட இல்லீங்க, அவங்கம்மா ஊட்டுல நிக்குது. நான் மூணடி தள்ளி அட்டையும் பேனாவுமா நிக்கறேன். ஆட்டுக்கு அடுத்தது என்னையத்தான் சொல்லுவான்னு நெனச்சேன். காலரைக் கூடச் சரி பண்ணிக்கிட்டேன். "தட் இஸ் ஆல் மேடம்"னுட்டு அடுத்த பீஸை எடுத்துட்டா.

அந்தம்மா அடுத்தது எங்கிட்ட வந்து என்னமோ கேட்டாங்க. நான் பதிலே சொல்லலீங்க. எஸ் மேடம்னு சொல்றதுக்கு எனக்கு இப்பெல்லாம் பயம்.

வந்தவங்க போறப்ப இவளைப் பத்தித்தான் பிரேம் சார்கிட்டப் பேசியிருக்காங்க. அவரு அடுத்த பேட்ச்சுல இவளையும் சேத்து உட்டுட்டாரு. ஒரு போன் அவளுக்கே குடுத்தாங்க. எனக்கு அம்பத்தெட்டு மார்க்கு, பாஸுதான். இவளுக்குத் தொண்ணூத்தி நாலு. ரெண்டு பேட்ச்சுக்கும் சேத்து இன்னிக்கு விழா வெச்சிருக்காங்க. நாலு மாசமா எங்கிட்ட வேண்டியதை மட்டுந்தான் பேசறா. சோறு வேணுமா, கதவைச் சாத்துங்க, அரிசி தீந்துபோச்சு. அவ்வளவுதான். மகளும் போன்ல அம்மாகிட்டத்தான் பேசுது.

என்ன சொல்றீங்க? அவகிட்டத் தமிழ்லயே மன்னிப்புக் கேட்டிருக்கலாமேன்னா? நீங்க கல்யாணம் பண்ணுனவருதானுங்களே. இருவத்திமூணு வருஷத்துல நான் அந்த வார்த்தையை அவகிட்டச் சொன்னதில்லீங்க. தமிழ்ல அதை எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. இங்கிலீஷ்ல சுலுவு. சாரின்னா முடிஞ்சுது, முப்பது பேரு ஒரே நிமிசத்துல சொன்னாங்களே.

அதனாலதான் மைக்குல சொல்லிரலாம்னு இருக்கேன். இந்தா பாருங்க, சட்டைப் பையில தாள் வெச்சிருக்கேன். அந்த மூணு வரியேதான், நோட்டுல இருந்து கிழிச்சது. அவ கையெழுத்துத்தான். மை ஒய்ஃப் இஸ் துளசிமணி, ஷீ இஸ் எ செக்கர், ஷீ வொர்க்ஸ் வித் மீ. சொல்லிப்போட்டு அவளைக் கையைக் காட்டிருவேன். நான் பொய் சொன்னேன்னு தனியாச் சொல்லோணுமாங்க? சொல்லலைன்னா அவங்களே ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு நெனச்சுக்குவாங்க. அப்பிடியும் ஒரு வழி இருக்குது.

அப்பிடிப் பாக்காதீங்க. சும்மா ரோசனை பண்ணுனதுதான்.

சரிங்க. தெரியுதுங்க. அவளை ஒருக்காக் கொன்னது பத்தாதுன்னு மறுக்காவும் கொல்லப் பாக்கறேன், அதானுங்களே. நீங்க வாயைத் தொறந்து சொல்லல, ஆனா எனக்குக் கேட்டுச்சு.

இப்பவே போகச் சொல்றீங்களா? இத்தனை பேரு முன்னாடியா? ஹால்லயும் இத்தனை பேரு இருப்பாங்கதான். அதுவுஞ்சரி. சித்த காலை ஒதுக்குங்க. பையி இங்கியே இருக்கட்டும், பாத்துக்கங்க.

போயிட்டு வந்துட்டனுங்க.

ஒரு நிமிசம், மூச்சு வாங்குது. கம்பியப் புடிச்சு ஆடி ஆடி அவ சீட்டுக்கிட்டப் போயி நின்னேன். தமிழும் வரல, இங்கிலீஷும் வரல. கையில அவளுக்கு எடுத்த டிக்கெட்டு இருந்துச்சா, அதை நீட்டுனேன். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கா. அந்தக் கண்டக்டர் வந்துட்டாரு. "ஏனுங்ணா, மறுக்கா மறுக்கா அந்தம்மாளைத் தொந்தரவு பண்றீங்க, யாருங்க அவங்க உங்களுக்கு?"ன்னாரு, நல்லாச் சத்தமா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. உங்களுக்கும் இங்க கேட்டிருக்கும்.

சொல்லிப்போட்டேன். "என்ற ஊட்டுக்காரிங்க. பேரு துளசிமணி. எங்க கம்பெனியிலதான் செக்கிங்ல நிக்கறா"ன்னேன்.

கண்டக்டர் அவளைப் பாத்து, "ஏனுங்க, நெசமா?"ன்னாரு. அவ அப்பத்தான் இந்தப் பக்கம் திரும்புனா. அவருகிட்டத்தான் சொன்னா, எங்கிட்டச் சொல்லல. "நான் செத்து மூணு வருஷமாச்சுங்க. அவரையே கேளுங்க"ன்னா.

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. புருசன் பொண்டாட்டி சண்டைன்னு கண்டக்டரும் சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. இந்த நாலு மாசத்துல அவ அதைப் பத்தி வாயைத் தொறந்தது இப்பத்தானுங்க. நான் சிரிக்கல, அவளும் சிரிக்கல. "ஆமா துளசி, நான்தான் சொன்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதுக்காக உன்னையக் கொன்னுட்டேன். இப்ப உம் மொகத்தைப் பாக்கறதுக்குத்தான் வெக்கமா இருக்குது"ன்னேன். இவ்வளவு நீளமா அவகிட்டப் பேசுனது எனக்கே புதுசுங்க.

அவ எங் கையில இருந்த டிக்கெட்டை வாங்கி, தையல் பாக்கற மாதிரியே முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தா. எந்தக் கூடையில போடறதுன்னு பாத்தாளோ என்னவோ. பாத்துப்போட்டு மணிபர்ஸுக்குள்ள வெச்சா. அப்புறம் ஜன்னல் பக்கமாக் கொஞ்சம் தள்ளி உக்காந்தா. பக்கத்துல இருந்த அம்மா கருமத்தம்பட்டியிலயே எறங்கிட்டாங்க, ஒரு ஆள் எடம் காலியாக் கெடக்குது. எனக்கு உட்டாளா, என்னையக் கண்டு ஒதுங்குனாளான்னு தெரியலீங்க. போயி உக்காந்தாத்தான் தெரியும்.

அந்தப் பையைச் சித்த எடுத்துக் குடுங்க.